தொங்கட்டானைப் பற்றி ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன் தங்கள் ஞாயிறு இணைப்பில், உலக விநோதங்கள் பகுதியில் ஒரு படம் வந்திருந்தது. அமெரிக்காவில் எடுத்தது. ஒரு கொம்பு நேராக நிமிர்ந்தும் இன்னொன்று கண்ணுக்கு முன்னால் தொங்கியும் நிற்கிற ஒரு விலங்கு. கீழே, 'மரபணுக் கோளாறால் பிறந்த அதிசய மான்; உலகிலேயே இது ஒன்றுதான்' என்று போட்டிருந்தீர்கள். படித்துக்கொண்டிருந்தபோதே காப்பி ஆறிவிட்டது. ஏனென்றால் அது பிராங்ஹார்ன் என்ற விலங்கு; இந்த மாதிரி ஒன்றைப் போன வருடம் ஐந்து மாதம், வாரத்துக்கு இரண்டு தடவையாவது பார்த்து வந்தவன் நான். எங்கள் வீட்டில் அதற்குத் தொங்கட்டான் என்று பெயரே வைத்திருந்தோம். அதனால் ஒரு திருத்தம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீண்டுவிட்டது. இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், கொம்பு விஷயத்தை மட்டும் விட்டுவையுங்கள்.

நான் கால்நடை ஆய்வாளராக 34 வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். முக்கால்வாசியும் நாகப்பட்டினம், திருவாரூர் பக்கம். எங்கள் உம்பளச்சேரி மாட்டுக்கு மொட்டை மாடு என்றும் ஒரு பெயர் உண்டு. உழவு மாட்டுக்குச் சின்னதிலேயே கொம்பைத் தீய்த்துவிடுவது பழைய வழக்கம், அதனால் வந்த பெயர். தீய்த்தது சரியாக அமையாமல் ஒரு பக்கம் மட்டும் சுண்டுவிரல் மாதிரி முளைத்து, வளைந்து, கன்னத்தில் குத்திக்கொண்டு வரும் மாடுகளை மாதத்துக்கு ஒன்றாவது பார்ப்போம். வேலியில் மாட்டிக் கொம்புக் கூடு கழன்று, உள்ளே எலும்பு ரத்தச் சிவப்பாகத் தெரிய ஓட்டி வருவார்கள். டிங்சர் பென்சாயினில் பஞ்சை நனைத்துக் கட்டி அனுப்புவோம். அடுத்த வருடம் அதே மாடு வரும்போது கொம்பு முளைத்திருக்கும், ஆனால் பழைய திசையில் இருக்காது. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், கோணல் கொம்பைப் பார்த்தவுடன் எனக்கு அதிசயம் தோன்றாது, 'இது எப்போது அடிபட்டது' என்றுதான் தோன்றும்.

சரி, அமெரிக்காவுக்கு வருகிறேன். மகளும் மருமகனும் வயோமிங் மாநிலத்தில் லாரமி என்ற ஊரில் இருக்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 7,200 அடி, கிட்டத்தட்ட நம் ஊட்டி உயரம். ஊட்டி மாதிரி மரத்தையும் பச்சையையும் எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவோம். ஊரைத் தாண்டினால் ஒரே பொட்டல், காற்று, முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் நிறப் புதர். சேஜ் பிரஷ் என்கிறார்கள். ஒரு கொத்தை உருவிக் கசக்கி என் மனைவியிடம் நீட்டினேன். முகர்ந்துவிட்டு, "என்னங்க, மரிக்கொழுந்து மாதிரி இருக்கு" என்றாள். அவள் மூக்கு பொய் சொல்லாது. இரண்டும் ஒரே குலத்துச் செடிகள்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

இந்தப் புதரைத் தின்றுதான் பிராங்ஹார்ன் பனிக்காலத்தை ஓட்டுகிறது. உள்ளூர்க்காரர்கள் ஆன்டிலோப், அதாவது இரலை என்பார்கள், இன்னும் செல்லமாக 'ஸ்பீட் கோட்', அதாவது ஓட்டக்கார ஆடு. வயோமிங்கில் மனிதர்கள் ஆறு லட்சத்துக்கும் குறைவு. மனிதரைவிட இதுதான் அதிகம் என்று அந்த ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். ஆனாலும் முதல் வாரம் என் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை. மகள் காரை ஓட்டிக்கொண்டே, "அப்பா, இடது பக்கம் பாருங்க, இருபது நிக்குது" என்பாள். எனக்குக் கல்தான் தெரியும்.

கோடியக்கரையில் வெளிமான் பார்த்துப் பழகிய கண் அது. அங்கே ஆண் மான் கறுப்பும் வெள்ளையுமாகப் புல்வெளியில் பளிச்சென்று நிற்கும். இங்கே முதுகு காய்ந்த மண் நிறம். அப்புறம் ஒரு நாள் பேத்திதான் சூட்சுமத்தைச் சொல்லிக்கொடுத்தாள். "தாத்தா, மானைத் தேடாதீங்க, வெள்ளையைத் தேடுங்க." பின்புறம் முழுக்க அதற்கு வெள்ளை மயிர். மிரண்டால் அந்த மயிரைச் சிலிர்த்து விரித்துக்கொள்ளும், வெயிலில் ஒன்றரை மைலுக்கு அப்பாலும் சுடர் விடும். வயலில் கொக்கு உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தால் அது பிராங்ஹார்ன். அதற்கப்புறம் எனக்கும் எண்ணிக்கை ஏறிவிட்டது. விடியற்காலை, சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். காரைவிட்டு இறங்கக் கூடாது. கார் நின்றால் அது நின்று பார்க்கும், கதவு திறந்தால் போய்விடும்.

ஆண் பெண் வித்தியாசம் கொம்பில் மட்டும் பார்த்தால் தப்பாகிவிடும். பெட்டைக்கும் சில சமயம் கொம்பு உண்டு, விரல் நீளம், கிளை இருக்காது. காதைத் தாண்டி உயர்ந்திருந்தால் பெரும்பாலும் கிடா. இன்னும் நிச்சயமாகச் சொல்ல, தாடைக்குக் கீழே கறுப்புத் திட்டு இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் கிடா. பெட்டைகளின் கொம்பு கொஞ்சம் நம் ஊர் ஆட்டுக்குட்டிக் கொம்பு மாதிரி, ஒன்று முன்னே, ஒன்று பின்னே என்று அதன் இஷ்டத்துக்கு இருக்கும். ஒரு பெட்டைக்கு ஒரு பக்கம் மட்டும் இருந்தது. அந்த ஊரில் யாரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூன் 2ஆம் வாரம். 30ஆம் எண் நெடுஞ்சாலையில் ராக் ரிவர், மெடிசின் போ என்ற ஊர்களுக்குப் போகிற வழி. சாலைக்கு இணையாக ரயில் பாதை போகும். சரக்கு ரயில் ஒன்று கடப்பதற்காக ஓரம் கட்டி நிறுத்தியிருந்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் 80 அடி தூரத்தில் ஒரு கிடா தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தது. நிமிர்ந்தது பாருங்கள், வலக் கொம்பு வழக்கம் போல மேலே போய், முன் பக்கம் ஒரு கவை விட்டு, நுனி பின்னுக்குக் கொக்கி போட்டிருந்தது. இடக் கொம்பு கண்ணுக்கு மேலேயே மடங்கி, கன்னத்தை ஒட்டித் தொங்கிற்று. தலையைத் திருப்பும்போது அதுவும் திரும்பியது, ஆடவில்லை. என் மனைவி உடனே, "காதுல தொங்கட்டான் போட்ட மாதிரி இருக்கே" என்றாள். பெயர் அப்படி விழுந்ததுதான்.

எனக்கு முதலில் வந்த எண்ணம் வேறு. நம் ஊரில் எருதுகளுக்குக் கொம்புப் புற்று வரும். கொம்பு ஒரு பக்கம் சாயும், மாடு அடிக்கடி தலையை உதறும், மரத்தில் போய்த் தேய்க்கும், அந்தப் பக்க மூக்கில் ரத்தம் கலந்த நீர் வரும். டாக்டர் கொம்பை அடியோடு அறுத்தெடுக்க, நான் தலையைப் பிடித்துக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு. அந்த நினைப்பில் தொலைநோக்கியை எடுத்து அரை மணி நேரம் பார்த்தேன். உதறல் இல்லை. மூக்கு சுத்தம். அசை போடும்போது தாடை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஓடுகிறது. நடுவில் எழுந்து, முன்னங்காலால் மண்ணைக் கீறி, அதே இடத்தில் மூத்திரமும் புழுக்கையும் போட்டு, 'இது என் எல்லை' என்று எழுதி வைத்தது. நோய்க்காரன் செய்கிற வேலை இல்லை அது. கிடாக்களில் பலது வசந்தத்திலிருந்து பனி தொடங்கும் வரை ஒரே இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் எனக்கு அதைத் திரும்பத் திரும்பப் பார்க்க முடிந்தது.

அந்த நிலத்துப் பண்ணைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். வாரா வாரம் அதே இடத்தில் கார் நிற்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு வந்தவர், நான் மாட்டு ஆஸ்பத்திரி ஆள் என்று தெரிந்ததும் வண்டியை அணைத்துவிட்டார். அப்புறம் ஒரு மணி நேரம் கொம்புப் பேச்சுதான். தொங்கட்டான் மூன்று வருடமாக அப்படித்தான் இருக்கிறது என்றார். "கொம்பு வருடா வருடம் விழுந்துவிடுமே?" என்றேன். "விழும், மறுபடி இப்படியே வரும்" என்று சொல்லி, முன் கண்ணாடிக்குக் கீழே கிடந்த ஒரு பொருளை எடுத்துக் கையில் கொடுத்தார். போன பனிக்காலத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பொறுக்கியதாம்.

ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு உறை. இவ்வளவு பெரிதாக இருக்கிறதே என்று நினைத்தால் கையில் எடையே இல்லை. நுனி பளபளவென்று எருமைக் கொம்பு மாதிரி. அடியில் வர வர சொரசொரப்பு, கடைசி இரண்டு விரல்கடைக்கு மயிரைக் கோந்து போட்டு ஒட்டி அமுக்கியது போல. பிய்த்தால் மயிராகவே வந்தது. ஓர் ஓரத்தை எலி கொறித்திருந்தது. உள்ளே வெற்றுக் கூடு. விரலை விட்டுப் பார்த்தேன். நடுத்தண்டுக்குள் விரல் போனது, கவைக்குள் போகவில்லை. அப்படியானால் அந்தக் கவை வெறும் உறையில் மட்டும் வருவது, உள்ளே இருக்கிற எலும்பில் கிளையே கிடையாது. முழு உறையும் மடங்கிக் கிடந்தது, தொங்கட்டானின் கொம்பு எப்படி மடங்கியிருந்ததோ அதே திசையில்.

இந்த இடத்தில்தான் தங்கள் படக்குறிப்பு தவறுகிறது. தமிழில் எல்லாவற்றையும் கொம்பு என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், குழப்பம் அங்கே ஆரம்பிக்கிறது. புள்ளிமானுக்கும் கடமானுக்கும் இருப்பது முழு எலும்பு. தோல் போர்த்தி வளர்ந்து, தோல் உரிந்து, வருடம் ஒருமுறை அடியோடு விழும். மாடு, ஆடு, வெளிமான் இவற்றுக்கு உள்ளே எலும்பு, மேலே நகத்தைப் போன்ற உறை, அது ஆயுளுக்கும் விழாது, கிளையும் விடாது. பிராங்ஹார்ன் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உள்ளே எலும்பு மாட்டைப் போல நிரந்தரம், மேலே உறை மானைப் போல வருடா வருடம் உதிரும். செப்டம்பரில் இணை சேரும் பருவம் முடிந்து, நவம்பர் வாக்கில் உறை கழன்று விழும். விழுவதற்கு முன்பே அடியில் புது உறை நுனியிலிருந்து கட்ட ஆரம்பித்திருக்கும். இப்படிக் கவை விட்ட கொம்பின் உறையை வருடா வருடம் உதிர்க்கிற விலங்கு உலகத்தில் வேறு கிடையாது. அதிசயம் வேண்டுமென்றால் அது இதுதான். நேர்க் கொம்பு உள்ளதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

உள்ளே உள்ள எலும்பு இளசாக இருக்கும்போது அடிபட்டால், முறிந்து கோணலாகச் சேர்ந்தால், மேலே வருகிற உறை அந்தக் கோணலுக்கே வார்ப்பாகிவிடும். உறை புதுசு, கோணல் பழசு. வெறும் உறை வளர்கிற சமயத்தில் அடிபட்டிருந்தால் அடுத்த வருடம் சரியாகிவிடவும் வாய்ப்புண்டு. ஆகவே ஒரே ஒரு படத்தை வைத்து 'மரபணுக் கோளாறு' என்று சொல்ல யாராலும் முடியாது. 34 வருடம் கொம்பு பிடித்த நானே ஒரு பருவம் பார்த்து, பண்ணைக்காரரிடம் கேட்டு, உறையைக் கையில் எடுத்த பிறகுதான் காயம் என்று சொல்கிறேன். 'உலகிலேயே ஒன்றுதான்' என்பதும் அப்படித்தான். மூக்கின் மேல் இரண்டும் கவிழ்ந்தது, பக்கவாட்டில் மாட்டுக் கொம்பு போல விரிந்தது என்று பண்ணைக்காரர் கைபேசியில் இருந்த படங்களே எனக்கு அரை மணி நேரப் பொழுதுபோக்கு. இந்தக் குடும்பத்தின் பூர்வ கதையைத் தோண்டினால் நான்கு கொம்பு, ஆறு கொம்பு உள்ளவைகூட இருந்திருக்கின்றன, புதைபடிவங்களாகக் கிடைத்திருக்கின்றன. எல்லாம் அழிந்து, மிஞ்சியிருப்பது இந்த ஓர் இனம்தான். நான்கு கொம்புக்கு அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நம் முதுமலைக் காட்டில் நாற்கொம்பு மான் இருக்கிறது, அதற்குப் பிறவியே அப்படி.

அப்புறம் 'மான்' என்று போட்டது. இதில் தங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன், பெயர் வைத்தவர்களே தடுமாறியிருக்கிறார்கள். 1804 செப்டம்பரில், அமெரிக்காவின் மேற்கை ஆராயப் போன லூயிஸ், கிளார்க் பயணக் குழு இன்றைய தெற்கு டகோட்டாவில் ஒன்றைச் சுட்டபோது கிளார்க் தன் குறிப்பில் அதை ஆடு என்றே எழுதினார். 1818இல் ஜார்ஜ் ஆர்ட் என்ற விலங்கியலாளர் அறிவியல் பெயர் வைக்கும்போது இரலையையும் ஆட்டையும் சேர்த்து ஒரே பெயராகக் கட்டிவிட்டார். கடைசியில் பார்த்தால் அது ஆடும் இல்லை, மானும் இல்லை, ஆப்பிரிக்காவின் இரலைகளோடும் சேராது. இன்று உயிரோடு இருப்பவற்றில் அதற்கு நெருங்கிய சொந்தம் ஒட்டகச்சிவிங்கியும், ஒகாபி என்கிற ஆப்பிரிக்கக் காட்டு விலங்கும். நமக்கென்ன குறை? வெளிமானுக்கு இரலை, புல்வாய் என்று தனிப் பெயர் வைத்த மொழி. மாட்டுக்குக்கூடக் கூடுகொம்பன், குடைக்கொம்பன், மட்டைக்கொம்பன் என்று கொம்பைப் பார்த்துப் பெயர் சொன்ன மொழி. கவட்டை மாதிரிப் பிரிகிற கொம்பு என்பதால் 'கவைக்கொம்பன்' என்று போடலாம். இல்லையென்றால் பிராங்ஹார்ன் என்றே போடுங்கள், தப்பில்லை.

ஓட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, கேட்க ஆள் இருந்தால் இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. மணிக்கு 88 கிலோமீட்டர் வரை போகும் என்கிறார்கள். ஒரு நாள் மண் சாலையில் எங்கள் காருக்குப் பக்கத்தில் ஒரு கூட்டம் ஓடியது. துரத்தவில்லை, எங்களை முந்தி முன்னால் சாலையைக் குறுக்கே கடந்தே தீர வேண்டும் என்று அவற்றுக்கு ஒரு வீம்பு. இன்று அங்கே அந்த வேகத்தில் துரத்த ஒரு விலங்கும் கிடையாது. பன்னிரண்டாயிரம் வருடத்துக்கு முன் அமெரிக்காவில் சிவிங்கிப்புலியைப் போன்ற ஓட்டக்காரப் பூனை இருந்தது, அதற்குப் பயந்து வந்த வேகம் இது என்று ஒரு கருத்து உண்டு. அவ்வளவு ஓடுகிறது ஒரு முள்கம்பி வேலியைத் தாண்டத் தெரியாமல் முழிக்கும்! ஆகஸ்டில் ஒரு பெட்டை வேலிக்கு வந்து, இரண்டு தடவை முன்னும் பின்னும் நடந்து, முன்னங்காலை மடக்கி, நம் நாய் வாசற்கதவுக்கடியில் நுழைகிற மாதிரி அடிக்கம்பிக்குக் கீழே சறுக்கி வந்தது. முதுகு மயிர் ஒரு கொத்து முள்ளில் நின்றுவிட்டது. எடுத்து வளைத்தேன், வைக்கோல் மாதிரி ஒடிந்தது. மயிருக்குள் காற்று, குளிருக்கு அதுதான் போர்வை. அந்தப் பண்ணைக்காரர் தன் வேலியில் அடிக்கம்பியை முள் இல்லாத வெறுங்கம்பியாக மாற்றி, தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு உயர்த்தியிருக்கிறார். "ஆடுகள் முதுகைக் கிழிச்சுக்குது" என்றார், அவ்வளவுதான்.

1920களில் கணக்கெடுத்தபோது இவை வெறும் முப்பதாயிரம் அளவுக்குக் குறைந்திருந்தன என்பதை நினைத்தால் இன்றைய லட்சங்கள் பெரிய மீட்சி. ஆனாலும் 2022-23 பனிக்காலத்தில் மேற்கு வயோமிங்கில் கூட்டம் கூட்டமாகச் செத்தன. தொங்கட்டான் கிழக்குப் பக்கத்து ஆள், தப்பித்தது.

செப்டம்பரில் ஒரு சண்டையும் பார்த்தேன். நல்ல கொம்பு இரண்டும் உள்ள ஒரு கிடா பெட்டைகளைத் தேடி எல்லைக்குள் வந்தது. கொம்போடு கொம்பு கோத்துத் தள்ளும்போது முன் பக்கக் கவைதான் எதிரியின் கொம்பைத் தாங்கிப் பிடிக்கும். தொங்கட்டானுக்கு ஒரு பக்கம் அந்தப் பிடிமானம் இல்லை. நான் பதறிக்கொண்டிருந்தேன், என் மனைவி முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். அது தலையை வலப் பக்கமாகவே சாய்த்துச் சாய்த்து, ஒற்றைக் கொம்பை மட்டும் கொடுத்து, நான்கே தள்ளில் வந்தவனை விரட்டிவிட்டது. பழகிய ஆட்டம் போலிருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். படக்குறிப்பைத் திருத்திப் போடுங்கள். இனிமேல் கோணல் கொம்போடு ஒரு படம் வந்தால், அமெரிக்காவிலிருந்தோ கோடியக்கரையிலிருந்தோ, 'அதிசயம்' என்று எழுதுவதற்கு முன் ஒரு கால்நடை மருத்துவரையோ வனத்துறைக்காரரையோ ஒரு போன் போட்டுக் கேளுங்கள். நம் பக்கத்துப் படமாக இருந்தால் எந்த இடம் என்று துல்லியமாகப் போடவும் வேண்டாம். போட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

அக்டோபர் கடைசியில் நாங்கள் ஊர் திரும்பிவிட்டோம், உறை விழுவதை என் கண்ணால் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. நவம்பர் மூன்றாம் வாரம் மகள் ஒரு படம் அனுப்பினாள். பனிக்கு நடுவில் தொங்கட்டான், இரண்டு கொம்பும் போய், குட்டையாக மயிர் மூடிய இரண்டு முளை, நுனியில் மட்டும் கறுப்பு. வலது முளை மேலே பார்க்கிறது, இடது முளை கீழே பார்க்கிறது. இந்தக் கடிதத்தோடு அந்தப் படத்தையும் இணைத்திருக்கிறேன். பிரசுரித்தால் மகள் பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
வேதாரண்யம் வட்டம்.